ஒரு கேப்டனும் மூன்று எழுத்தாளர்களும்

"அவன் மட்டும் என் கையில சிக்கட்டும். மயக்க ஊசி போடாமலே முப்பத்திரண்டையும் பிடுங்கிடறேன்!"

பல் டாக்டர் போட்ட சத்தத்தில், எதிர் சோபாவில் இருந்த இளைஞன் வாயை இறுக மூடிக்கொண்டான். பெண் கேட்டு வந்த வீட்டில் இப்படியொரு வரவேற்பை அவன் எதிர்பார்க்கவில்லை.

"அப்பா, அவரு பயந்துடப் போறாரு. சீரியலைத் திட்டறேன்னு முதல்ல சொல்லுங்க" என்றாள் மகள்.

"சீரியலை எங்க திட்டறேன்? எழுதறவனைத் திட்டறேன். தம்பி, ஞாயித்துக்கிழமை வருமே, அந்த விண்வெளிக் கப்பல் தொடர், பார்க்கறதுண்டா?"

"எப்பவாவது..." என்று இழுத்தான் அவன்.

உண்மையில் அவன் பார்ப்பதில்லை. எழுதுவதோடு சரி. அந்தத் தொடரை மூன்று பேர் வாரம் ஒருவராக மாறி மாறி எழுதினார்கள். அதில் ஒருவன் அவன். வாசலிலேயே அவள் எச்சரித்திருந்தாள்: "என்ன வேலைன்னு கேட்டா, கம்ப்யூட்டர்ல டைப் அடிக்கறேன்னு மட்டும் சொல்லு. அது ஒண்ணும் பொய் இல்ல."

டாக்டர் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மூணு பேரு எழுதறாங்க தம்பி. பேரு போட மாட்டாங்க. ஆனா கடைவாயைப் பார்த்தே ஆளைச் சொல்றவன் நான், எனக்கா தெரியாது? ஒருத்தன் சண்டைக்காரன். அவன் வாரத்துல கேப்டன் எந்தக் கதவையும் திறக்க மாட்டாரு, உதைச்சுத்தான் உடைப்பாரு. சரி போகட்டும், அவனைக்கூட மன்னிச்சுடலாம். ரெண்டாவது ஒருத்தன் இருக்கானே..."

இளைஞன் காபிக் கோப்பைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டான்.

"சரியான அழுமூஞ்சி! கப்பல்ல ஆக்ஸிஜன் தீரப் போகுது. மூச்சைச் சேமிக்கணுமா வேண்டாமா? எல்லாரும் வரிசையா நின்னு விம்மி விம்மி அழறாங்க. ரோபோகூட அழுவுது. துருப்பிடிச்சுடாது?"

சாப்பாட்டு மேஜையில் தட்டுகளை வைத்துக்கொண்டிருந்த டாக்டரின் மனைவி களுக்கென்று சிரித்தாள்.

"சிரிக்காதே. போன வாரம் கேப்டனைக் கப்பலுக்கு வெளியவே அனுப்பிட்டான். தியாகமாம்! ஹெல்மெட்ல கொஞ்சூண்டு காத்துதான் இருக்கு. இனிமே அவரு எப்படிப் பிழைப்பாரு?"

"பழுது பார்க்கப் போன சின்னக் கப்பல் இன்னும் வெளியிலதானே சுத்திக்கிட்டிருக்கு? அது வந்து அள்ளிக்கிட்டுப் போகும். நீங்க சாப்பிட வாங்க" என்றாள் அவள்.

டாக்டர் ஒரு நொடி விழித்தார். "அட, ஆமால்ல! எனக்கே மறந்துபோச்சு. குருட்டாம்போக்குல சொன்னாலும் சரியாத்தான் சொல்ற."

மேஜையில் உட்கார்ந்த பிறகும் அவர் விடவில்லை. "அந்த மூணாவது ஆளு மட்டும் இல்லேன்னா இந்தத் தொடர் என்னைக்கோ படுத்திருக்கும். இவனுங்க ரெண்டு பேரும் அடிக்கற கூத்தையெல்லாம் அவருதான் ஒழுங்கு பண்றாரு. ஓய்வுபெற்ற விஞ்ஞானியாத்தான் இருக்கணும். அந்த மனுஷன் மட்டும் கிடைச்சா, தினம் உட்கார வெச்சுச் சாப்பாடு போடுவேன்."

"யாரு, நீங்களா?" என்றாள் மனைவி, அவர் தட்டில் பரிமாறியபடியே.

"சரி, அதை விடு. தம்பி, நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

மேஜைக்கடியில் மகளின் கால் அவன் காலை அழுத்தியது. அவன் அவளைப் பார்த்தான். காலமெல்லாம் உறவு கொண்டாடப் போகிற வீட்டுக்குள் முதல் நாளே ஒரு பூசி மெழுகலோடு நுழைய அவனுக்கு மனம் வரவில்லை. எழுந்து நின்றுவிட்டான்.

"சார்... அந்த அழுமூஞ்சி நான்தான்."

டாக்டர் அவன் பற்களையே வெறித்துப் பார்த்தார். மகள் கண்களை மூடிக்கொண்டாள்.

"உட்காருங்க" என்றார் டாக்டர் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "மறைக்காம சொன்னீங்க, சந்தோஷம். ஆனா எனக்கு இருக்கறது ஒரே பொண்ணு. ஒரு ரோபோவையே அப்படி அழ வெச்சவரு, இவளை என்ன பாடு படுத்துவீங்களோ?"

"அது கதை சார்..."

"எனக்கு அதெல்லாம் தெரியாது. அந்த மூணாவது ஆளுகிட்ட போய், ஒரு வாரமாவது யாரும் அழாத கதையா எழுதக் கத்துக்கிட்டு வாங்க. அவரு உங்களைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை சொல்லட்டும். அப்புறம் கல்யாணப் பேச்சு."

"அவரை நாங்க யாருமே பார்த்ததில்ல சார்! புனைபெயர்ல ஈமெயில் வரும், அவ்வளவுதான். தயாரிப்பாளருக்கே ஆளு யாருன்னு தெரியாது."

"தேடுங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் கை கழுவப் போனார். "அப்பா, இது என்னப்பா நியாயம்?" என்று மகள் பின்னாலேயே ஓடினாள்.

இளைஞன் தலையைக் குனிந்துகொண்டான். கண்ணிலிருந்து ஒரு சொட்டு தட்டில் விழுந்தது.

டாக்டரின் மனைவி தண்ணீர் டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினாள். கணவர் இன்னும் உள்ளேதான் இருக்கிறாரா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குனிந்து மெல்லச் சொன்னாள்:

"கண்ணைத் துடைங்க மாப்பிள்ளை, பாடத்தை நாளைக்கே ஆரம்பிச்சுடலாம். நீங்க வெளிய தள்ளற கேப்டனை நானும் எத்தனை வாரம்தான் காப்பாத்தறது?"