கொஞ்சம் வேலைதான் பாக்கி

ஒரு ஷெட்டில் பெரிய இஞ்சின் வைத்த பழைய அமெரிக்கக் கார் ஒன்று நின்றது. அதைப் பிரித்துப்போட்ட பெஞ்சமின் பதினோரு வருஷமாகியும் பூட்டி முடிக்கவில்லை. பின் சீட்டில் ஒரு கோழி அடையிருந்தது.

"என்னை வித்தாச்சு. ஏத்திட்டுப் போக லாரி வந்திருக்கு, நீ இறங்கிக்கோ," என்றது கார். "வாங்கினவர்கிட்டகூட, 'கொஞ்சம் வேலைதான் பாக்கி'ன்னார் பெஞ்சமின்."

கோழிக்கு எரிச்சலாக வந்தது. "இருபத்தொரு நாள்ல பொரிக்கலேன்னா அது கூமுட்டை. அதைப் புரிஞ்சுக்க மனுஷனுக்குப் பதினோரு வருஷமா?"

"அது சரி, நீ உட்கார்ந்து எத்தனை நாளாச்சு?"

கோழி எழுந்து முட்டைகளை அலகால் ஒவ்வொன்றாகப் புரட்டியது. பிறகு இறக்கையை விரித்து மறுபடி உட்கார்ந்துகொண்டது.

"நாப்பது," என்றது. "லாரிக்காரனைக் குலுங்காம ஓட்டச் சொல்லு."