மண்ணெண்ணெய் கொடுக்கும் ஞாயிறு

உருத்திரபுரத்துச் சபையின் தகரக் கூரை பத்து மணி வெயிலில் படபடக்கிறது. வடிவம்மா பாயில் முழங்காலில் நிற்கிறாள். யன்னலுக்கு வெளியே, றோட்டுக்கு அந்தப் பக்கம் கூட்டுறவுச் சங்கக்கடை. மாதத்தில் ஒருமுறை வரும் மண்ணெண்ணெயை இன்றைக்குத்தான் கொடுக்கிறார்கள். ஆட்களுக்குப் பதிலாகப் போத்தல்களும் கான்களும் வரிசையில் நிற்கின்றன. ஆண்டவருடைய நாளில் அந்த வரிசைக்குப் போவதில்லை, அவருடைய ராச்சியந்தான் முதல் என்று போன கிழமை சபை முழுவதும் பாஸ்டரோடு சேர்ந்து பொருத்தனை செய்தது. அதனால் வடிவம்மாவின் போத்தல் வீட்டிலேயே வெறுமையாகக் கிடக்கிறது. மகளுக்கு நாளை மறுநாள் பரீட்சை. மூன்று நாளாக வீட்டில் விளக்கில்லை.

"பாஸ்டரின்ர பச்சைக் கானுக்கு ஆள் எங்க?" கடை மனேச்சர் கத்துகிறார். "பரலோகத்தில இருந்தே வரோணும்?" நிழலில் ஒதுங்கி நிற்கும் சனம் சிரிக்கிறது. முன்னால் இருந்த பாஸ்டரம்மா முக்காட்டை இழுத்துக்கொண்டு எழும்புகிறார். "நீங்கள் ஜெபியுங்கோ அக்கா, இந்தா வாறன்" என்று வடிவம்மாவின் தோளைத் தொட்டுவிட்டு வெளியே போகிறார். பாஸ்டர் கண்ணைத் திறக்கவில்லை. மனைவி திரும்பி வந்து முழங்காலிடும்வரை அவருடைய ஜெபம் நீள்கிறது. பாஸ்டரம்மாவின் விரல்களில் மண்ணெண்ணெய் மணக்கிறது. "கர்த்தருக்காக இண்டைக்கு உலகத்தை விட்டவை எல்லாரும் கையை உயர்த்துங்கோ" என்கிறார் பாஸ்டர். கைகள் எழுகின்றன. பாஸ்டரம்மாவின் கைதான் எல்லாவற்றிலும் உயரம். வடிவம்மாவின் கை மட்டும் சேலை மடிப்பை விட்டு எழவில்லை. பாஸ்டர் அவளை இரக்கத்தோடு பார்க்கிறார். "வடிவம்மாக்கா, உங்களுக்கு இன்னும் மனம் வரேல்லையோ?"