அபயாம்பாளின் அண்டா

1964 மே மாதம். பம்பாயில், மாட்டுங்கா வீட்டு காம்பவுண்டில் நின்ற பழைய அமெரிக்கக் காரின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைக் கழற்ற, வைத்தியநாதன் தாராவியிலிருந்து மெக்கானிக் செல்லப்பாண்டியை அழைத்து வந்தார். முதலில் அதன் சிவப்பு எண்ணெயை வடிக்க வேண்டும். ஒரு வாளி போதும் என்றான். மதியத்துக்குள் வாளியும் தவலையும் நிரம்பி, வைத்தியநாதனின் மனைவி அபயாம்பாளின் சீர் அண்டாவும் காருக்கு அடியில் போயிற்று.

“ஏன்னா, குழாய்ல தண்ணி வர நேரம். எதுல பிடிக்கறது? என் தலையிலயா?” என்று அவள் கத்தினாள்.

“கியர் பொட்டியக் கழட்டிட்டா நின்னுரும்மா,” என்றான் செல்லப்பாண்டி.

கழற்றி, கைவண்டியில் ஏற்றித் தாராவிக்கு அனுப்பினான். பெட்டி போன பிறகும் காரிலிருந்து எண்ணெய் இளஞ்சூடாகச் சொட்டியது.

மறுநாள் அவள் போட்ட கூச்சலில் காரையே நாலு பேர் தள்ளிக்கொண்டு போனார்கள். அபயாம்பாள் திட்டிக்கொண்டே அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்து, கார் நின்ற வெற்றிடத்தில் வெயிலில் காயவைத்தாள்.

டங்.

திரும்பிப் பார்த்தாள். அண்டாவுக்குள் சிவப்பாக ஒரு சொட்டு எண்ணெய். மேலே மேகமில்லாத வானம்.

“போறும், நிறுத்து!” என்று வானத்தைப் பார்த்து அதட்டினாள்.

சற்று நேரம் நின்றது. பிறகு கொட்டத் தொடங்கியது.