இப்போது யாரிடம்

கூரைத் தகட்டில் பதித்த கண்ணாடி வழியாக மத்தியான வெயில் கிடங்குக்குள் வெள்ளையாக விழுகிறது. வாடகைக்குப் போய்வரும் நோயாளிக் கட்டில்கள் மெத்தையில்லாமல் வரிசையாக நிற்கின்றன. கடைக்குக் கணினியில் இருப்புக் கணக்கு அமைக்க வந்தவள், ஒரு கட்டிலின் வெற்றுச் சட்டத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கிறாள். கடைக்காரர் பிடித்த முயலுக்கு இன்னும் மூன்றே கால். "எல்லாம் ஒரே அச்சும்மா. கட்டில்னு போட்டு மொத்தம் எத்தனைன்னு சொன்னா போதாதா?" "போதாதுண்ணே. எது எந்த வீட்ல இருக்குன்னு தெரியணும். ஒவ்வொண்ணுக்கும் தனி நம்பர் வேணும்." கட்டில்களைத் துடைக்கிறவர் கடைசிக் கட்டிலுக்குக் கிருமி மருந்து அடிக்கிறார். அதன் தலைமாட்டுக் கம்பியில் நீலத் துணி சுற்றியிருக்கிறது. அப்பா தலையை இடித்துக்கொள்ளக் கூடாதென்று அவள் தன் பழைய சேலையைக் கிழித்துச் சுற்றியது. அப்பாவின் காரியம் முடிந்து நேற்றுத்தான் தம்பி கட்டிலைத் திருப்பிவிட்டுப் போனான். அவன் இவளுடைய தம்பி என்று கடைக்காரருக்குத் தெரியாது. துடைக்கிறவர் துணியை அறுத்துக் கூடையில் போடுகிறார். "சுத்தம் பண்ணியாச்சு. இருப்புல ஏத்திக் காட்டும்மா, பாப்போம்," என்கிறார் கடைக்காரர். வாடகைப் புத்தகத்தைப் பார்த்து அந்தக் கட்டிலுக்குக் காலையில் தான் கொடுத்த எண்ணை அவள் தட்டுகிறாள். 'இப்போது யாரிடம்' என்ற கட்டத்தில் அப்பாவின் பெயர் வருகிறது. 'திரும்பியது' என்று அழுத்தினால் அந்தக் கட்டம் தானாகவே காலியாகிவிட வேண்டும். அப்படி வகுத்தவள் அவள்தான். அழுத்துகிறாள். "சரியா வேலை செய்யுதா?" கூடையில் நீலத் துணி நனைந்து கிடக்கிறது. "செய்யுதுண்ணே," என்கிறாள். "அடுத்த வீட்டுக்கு அனுப்பலாம்."