முட்டைப் பாத்தி

“எம்பிள்ளைக்கு முட்டையா போட்டிருக்கான்?”

கணபதியப்பன் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். சந்தேகமே இல்லை. சர்க்கார் பண்ணையில் மகள் அழகியநாயகியின் கீரைப் பாத்தியில் ஒரு பலகை நட்டிருந்தார்கள். அதில் வெள்ளைப் பெயிண்டில் ஒரு பூஜ்யம், நல்ல உருண்டையாக.

பக்கத்துப் பாத்திகளில் ஒன்று, இரண்டு என்று எழுதியிருந்தது. கடைசிப் பாத்திக்கு மூன்று. அது பகவதியப்பனின் மகனுடைய பாத்தி என்பதுதான் வயிற்றெரிச்சல். மடைத் தண்ணீர்த் தகராறில் அந்த மனுஷனோடு பேச்சு நின்று நாலு வருஷமாகிறது.

கோடை விடுமுறைக்கு ஹைஸ்கூலில் ஐந்தாம் பாரம் படித்த பிள்ளைகள் நாலு பேரைப் பொறுக்கியெடுத்து, சுசீந்திரத்துப் பக்கம் இருந்த அந்தப் பண்ணையில் நாற்பது நாள் ஆராய்ச்சி பழக்கினார்கள். முடிவில் ஒரு பிள்ளைக்கு மட்டும் திருவனந்தபுரத்துக் காலேஜ் லாபரட்டரியில் ஒரு மாதம் இடம். “பொம்பளப் பிள்ளைக்கு ஆராய்ச்சி எதுக்கு?” என்று கேட்ட சொந்தக்காரர்களிடம் எல்லாம், “எம்பிள்ளைதான் போவா, பாத்துக்கிட்டே இருங்க” என்று கணபதியப்பன் சவால் விட்டிருந்தார். இப்போது விதை முளைக்கும் முன்பே முட்டை!

மத்தியானம் சோற்றைப் பிசைந்தபடி மெல்லக் கேட்டார்.

“அந்தப் பலகையிலே என்ன மக்கா, முட்டை?”

“அது அப்பிடித்தான்ப்பா இருக்கணும். எம்பாத்திதான் ரொம்ப முக்கியம்னு ஆபீசர் சொன்னாரு.”

அப்பன் மனசு நோகக்கூடாது என்று பிள்ளை மறைக்கிறது. கணபதியப்பன் சோற்றைத் தள்ளிவைத்தார். ரசம் விட்டுக்கொள்ளாமலே கை கழுவிவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் பழையாற்றுக்குக் குளிக்கப் புறப்பட்டவர், மக்கிய சாணியைப் பனையோலைக் கடவப்பெட்டியில் அள்ளி, மேலே அழுக்கு வேட்டியைப் போட்டு மூடிக்கொண்டார். பண்ணை போகிற வழிதான். காவல்காரன் சாயா குடிக்கப் போயிருந்தான். வேலியைத் தாண்டி, பாத்தியைக் கிளறி, பெட்டியைக் கவிழ்த்தார்.

“முட்டையை நாலாக்கிக் காட்டுதேன்லே” என்று பலகையைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஆற்றுக்கு நடந்தார்.

அன்று ஆரம்பித்தது, ஒரு நாள் தவறவில்லை. சாணி, சாம்பல், பிறகு ஊறவைத்த புண்ணாக்கு.

“புண்ணாக்கு எப்பிடி இவ்வளவு சீக்கிரம் தீந்துச்சு?” என்று கேட்டாள் மனைவி நாகம்மை.

“பசு தின்னாம, பின்னே நானா தின்னேன்?”

நோட்டுப் புத்தகத்தில் எதையோ எழுதிக்கொண்டிருந்த அழகியநாயகி தலையைத் தூக்கினாள். “அப்பா, இன்னைக்கு ஆத்துக்கு எத்தனை மணிக்குப் போனிய?”

“ஆறு இருக்கும். ஏன் மக்கா?”

“சும்மாதான்” என்று மறுபடியும் குனிந்துகொண்டாள். ஆராய்ச்சிக்காரப் பிள்ளை, எதையாவது கேட்டு எழுதத்தானே செய்யும் என்று அவர் விட்டுவிட்டார்.

நாற்பதாம் நாள் பெற்றோர்களை எல்லாம் பண்ணைக்கு அழைத்திருந்தார்கள். மற்ற மூன்று பாத்திகளிலும் கீரை முழங்கால் உயரத்தைத் தாண்டவில்லை. அழகியநாயகியின் பாத்தியில் இடுப்பளவுக்கு நின்றது. கணபதியப்பன் மீசையை ஒதுக்கிவிட்டுக்கொண்டு பகவதியப்பனுக்கு நேர் எதிரே போய் உட்கார்ந்தார்.

ஆபீசர் எழுந்தார். “பலகையிலே இருக்கிற நம்பர், எத்தனை தேங்காச் சிரட்டை உரம் போட்டோம்ங்கிற கணக்கு. மூணு சிரட்டை, ரெண்டு சிரட்டை, ஒரு சிரட்டை. பூஜ்யம் போட்டதுக்கு ஒண்ணுமே கிடையாது. உரம் இல்லாட்டி கீரை எப்படி வரும்னு தெரிஞ்சாத்தானே மத்ததை ஒத்துப் பார்க்க முடியும்? அதுக்காகவே இதை வெறும் பாத்தியா விட்டோம். ஆனா இதுதான் எல்லாத்துக்கும் மேலே நிக்குது. என்ன காரணம்?”

கணபதியப்பன் திரும்பிப் பலகையைப் பார்த்தார். மார்க்கு இல்லையா? சிரட்டையா? நாற்பது நாளும் பெற்ற மகளின் ஆராய்ச்சிக்குத் தன் கையாலேயே குழி வெட்டியிருக்கிறோமே என்று அப்போதுதான் உறைத்தது.

“காரணம் என்ன காரணம்? பிள்ளை கள்ளத்தனம் செஞ்சிருக்கும்” என்றார் பகவதியப்பன்.

அவ்வளவுதான், கணபதியப்பன் துள்ளி எழுந்தார். “எம்பிள்ளையைச் சொல்லாதேலே! சாரே, கள்ளன் நானாக்கும். சாணி, சாம்பல், புண்ணாக்கு எல்லாம் நான் போட்டது. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அவளைத் தள்ளிராதீங்க சாரே.” நாலு பேர் முன்னால் அவர் கை கூப்பியது அதுதான் முதல் தடவை.

ஆபீசர் கோபப்படவில்லை. “அழகியநாயகி, நோட்டை வாசிம்மா.”

அவள் எழுந்து நின்று வாசித்தாள். “கொல்லம் ஆண்டு 1128, சித்திரை மூணு. காலை ஆறேகால். சாணி, ஒரு பெட்டி. மேலே அழுக்கு வேட்டி. நான் ஒளிந்து நின்று பார்த்த இடம், வாழை மூடு. சித்திரை பத்து. சாணியும் சாம்பலும். வேலி தாண்டும்போது வழுக்கி விழுந்தார், அடி இல்லை. சித்திரை பதினாறு. புண்ணாக்கு, ரெண்டு சிரட்டை. வீட்டில் பசுவின் மேல் பழி.”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பகவதியப்பன்கூடத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“சொந்த அப்பான்னு பார்க்காம, கண்டதைக் கண்டபடி எழுதின பிள்ளை. திருவனந்தபுரத்துக்கு இவதான்” என்றார் ஆபீசர்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கணபதியப்பன் மகளிடம் வந்தார். “மொத நாளே கண்டுட்டியா? பொறவு ஏன் மக்கா என்னைத் தடுக்கல்லே?”

“பாத்தி மொத நாளே கெட்டுப்போச்சுப்பா. பொறவு நான் ஆராய்ஞ்சது உங்களையாக்கும்.”