அரைக் கப் போதும்

திரவியம் கொண்டுவந்த கப் கன்னங்கரேலென்று இருந்தது. சூடாக எதை ஊற்றினாலும், ஊற்றிய மட்டம்வரை கருப்பு விலகி ஒரு போட்டோ தெரியும். கீழே மணல், பாறை, அதற்குமேல் சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட கலங்கரை விளக்கம். ஆபீஸ் டூரில் தான் எடுத்ததை யாரோ கப்பில் அச்சடித்துக் கொடுத்தார்களாம். யார் என்று வசுமதி கேட்டதற்கு, "கூட வந்தவங்கதான்" என்றான்.

விளிம்பு தளும்பக் காபி கேட்கிற மனுஷன், அந்தக் கப் வந்த நாளிலிருந்து அரைக் கப் போதும் என்கிறான். அதைக் கழுவுவதும் அவனேதான், அதுவும் பச்சைத் தண்ணீரில். ஒரு டம்ளரைக்கூடக் கழுவி அறியாதவன்.

இன்று அவன் குளிக்கப் போனதும், கொதிக்கக் கொதிக்க விளிம்புவரை ஊற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றாள். கலங்கரை விளக்கம் மெல்ல உயர்ந்தது. உச்சியில் கைப்பிடிக் கம்பி தெரிந்தது. அதில் சாய்ந்து ஒரு பெண், கீழே போட்டோ எடுப்பவனைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தாள். காற்றில் பறந்த முந்தானை மாம்பழக் கலர், பச்சைக் கரை. இஸ்திரிக்காரன் தொலைத்துவிட்டான் என்று திரவியம் சொன்ன, வசுமதியின் புடவை.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவன் மேசையைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"அரைக் கப் போதும்னு சொன்னேன்ல?"

"சீக்கிரம் குடிங்க," என்றாள் வசுமதி. "ஆறிட்டா அவ போயிடுவா."