படுத்துப் பார்த்த பங்கு

"தூங்குறான்! நிஜமாவே தூங்குறான்!"

வக்கீல் பொருமினாள். அவள் உண்மையில் வக்கீல் இல்லை, பங்குகளை ஆராய்கிறவள். எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் அலுவலகம் வைத்த பெயர் அது. எதிரே மெத்தையில் மல்லாந்து கிடந்தவனுக்கும் அதே அலுவலகம்தான் பெயர் வைத்தது. கொட்டாவி.

பேருந்து ஓட்டுநர்களின் ஓய்வுக்காலப் பணத்தைப் பங்குகளில் போட்டுப் பெருக்குகிற நிறுவனம் அது. அங்கே ஒரு வழக்கம். ஒரு பங்கை வாங்கலாம் என்று ஒருவர் எழுதினால், ஏன் வாங்கக் கூடாது என்று இன்னொருவர் எழுத வேண்டும். இரண்டையும் படித்த பிறகுதான் தலைவர் வாய் திறப்பார்.

இந்த மெத்தைக் கம்பெனி வக்கீலின் கண்டுபிடிப்பு; மறுத்து எழுத வேண்டியவன் கொட்டாவி. மூன்று மாத உழைப்பு, அறுபது பக்கம். இதற்கு முன் அவள் எழுதிய இரண்டு அறிக்கைகளும் குப்பைக் கூடைக்குப் போயிருந்தன. இதுவும் போனால் அவளைக் கோப்பு அடுக்கும் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். நாலு மணிக்குக் கூட்டம்.

அதற்கு முன் கம்பெனியின் கடையை இருவரும் சேர்ந்து ஒருமுறை நேரில் பார்க்க வந்த இடத்தில்தான் இந்தக் கூத்து.

வந்ததும் கொட்டாவி விற்பனைப் பெண்ணிடம் மெதுவாக ஏதோ கேட்டான். அவள் தயங்கித் தயங்கிப் பதில் சொன்னாள். உடனே ஷூவைக் கழற்றிவிட்டான்.

"விலை ஒரே வருஷத்துல ரெண்டு மடங்கு ஏறியிருக்கு. நீ என்னடான்னா படுக்கப் போறியா?"

"விலை ஏறினது ஆபீஸ்ல உட்கார்ந்தாலே தெரியுது, வக்கீலம்மா. அதுக்கு இவ்வளவு தூரம் வரணுமா?"

"லாபம்?"

"அதுவும் காகிதத்துல இருக்கு. காகிதத்துல இல்லாதது ஏதாவது இருக்கான்னு படுத்துப் பார்க்கிறேன்."

"படுத்தா கூரைதான் தெரியும்!"

"கூரை நல்லாத்தான் இருக்கு," என்று கண்ணை மூடினான்.

அது ஒன்றரை மணிக்கு. இப்போது மூன்றேகால்.

அந்தக் கடையும் யாரையும் தூங்க வைத்துவிடும். மேகங்கள் தரையிறங்கி வரிசை கட்டிப் படுத்த மாதிரி வெள்ளை வெள்ளையாக மெத்தைகள். ஜன்னல் திரை மூச்சு விடுவதுபோல் உப்பி அடங்கியது. வெளியே ஓடிய வண்டிகளின் இரைச்சல் எங்கேயோ பஞ்சுக்குள் புதைந்து, தண்ணீருக்கடியில் கேட்பதுபோல் கேட்டது. மூன்று மாடிகளையும் ஏறி இறங்கிவிட்டு வந்த வக்கீலுக்கே கண் செருகியது. கையைக் கிள்ளிக்கொண்டாள்.

போதாக்குறைக்கு அந்த விற்பனைப் பெண் வேறு, பக்கத்துக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் விலைப்பட்டியல். செருப்பு ஒருபக்கம், கால் ஒருபக்கம்.

'இவனைப் பார்த்து இவளும் கெட்டுப்போயிட்டா' என்று வக்கீல் பல்லைக் கடித்தாள். மேல் மாடிகளில் ஒரு ஊழியர்கூட உட்காரவில்லையே! அதை மெச்சித்தானே அறிக்கையின் பன்னிரண்டாம் பக்கத்தில் எழுதியிருந்தாள்: 'ஊழியர் ஒழுக்கம் அபாரம். எத்தனை முறை போனாலும் எவரும் உட்கார்ந்து பார்த்ததில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுமுகங்கள் வந்துவிடுவதால் சம்பள உயர்வுச் செலவும் இல்லை.'

கைப்பேசி அதிர்ந்தது. தலைவர்.

"கொட்டாவி என்னம்மா சொல்றான்?"

"குறட்டை விடுறான் சார். ஒன்றரை மணியிலேர்ந்து."

"விளையாடாதே."

"ஃபோட்டோவே அனுப்பறேன் சார்."

"அனுப்பு. அது நிஜம்னா அவன் எழுதறதை நான் படிக்கப் போறதில்ல. உன் பங்கை வாங்கிடலாம்."

அப்பாடா! ஒரே ஒரு படம். அறுபது பக்கமும் கரையேறிவிடும்.

கைப்பேசியை உயர்த்தினாள். திரையில் கொட்டாவியின் திறந்த வாய் அழகாக விழுந்தது. ஓரத்தில் அந்தப் பெண்ணின் பாதங்களும் விழுந்தன. வீங்கியிருந்தன. செருப்பு வார் பதிந்த இடம் சிவந்து பள்ளமாகியிருந்தது.

"கொஞ்சம் நகர்ந்துக்கங்கம்மா. வேண்டாம், இருங்க, இவனை எழுப்பி முழிக்கிற முழியையும் சேர்த்தே எடுக்கறேன். டேய்..."

அந்தப் பெண் பாய்ந்து அவள் கையைப் பிடித்தாள். அதுவரை 'மேடம்' என்று கூப்பிட்டவள்.

"அக்கா, எழுப்பாதீங்கக்கா!"

"ஏன், உங்க சொந்தக்காரனா?"

"இல்லக்கா. கஸ்டமர் படுத்துப் பார்க்கும்போது மட்டும்தான் நாங்க பக்கத்துல உட்காரலாம். அதான் இங்க சட்டம். அதைக் கேட்டுட்டுத்தான் அவர் படுத்தார். ஒன்பது மணிலேர்ந்து நின்னுட்டிருந்தேன்." குரல் இன்னும் தாழ்ந்தது. "அவர் எழுந்தா நான் நிக்கணும்."

வக்கீல் வாதாடாமல் கைப்பேசியை இறக்கினாள். வாழ்க்கையில் முதல் தடவை.

சுற்றிலும் பார்த்தாள். நூறு படுக்கை. ஒரு ஸ்டூல் இல்லை. எதிர்த் தூணோரம் இன்னொரு பெண், ஒரு காலை மறுகாலின் மேல் வைத்து மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தாள்.

"வக்கீலம்மா," கண்ணைத் திறக்காமலே கொட்டாவி முணுமுணுத்தான். "ஃபோட்டோ போச்சா?"

"வாயை மூடிட்டுத் தூங்குடா."

பையிலிருந்து அறிக்கையை எடுத்தாள். பன்னிரண்டாம் பக்கத்தில் 'அபாரம்' என்ற சொல்லை அடித்தாள். அது போதவில்லை. முதல் பக்கத்துக்குத் திரும்பி 'வாங்கலாம்' என்பதையும் அடித்தாள். கோப்பு அடுக்குவதும் ஒரு வேலைதான். அதை உட்கார்ந்துகொண்டு செய்யலாம்.

பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுத் தூணோரப் பெண்ணைக் கைகாட்டிக் கூப்பிட்டாள்.

"எனக்கும் ஒரு மெத்தை காட்டுங்க. சொல்லிட்டேன், நான் லேசுல முடிவெடுக்கிற ஆள் இல்ல. கடை சாத்தற வரைக்கும் படுத்துப் பார்ப்பேன்."